பை கொடுக்கிற கை

பேரன்புக்குரிய நடுவர் அவர்களே, பட்டும் பூவுமாக, தாங்களே ஓர் அலங்காரமாக வந்து அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, வெறுங்கையோடு வந்திருக்கிற என் அணித் தோழர்களே, அரங்கத்திலும் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கல்யாணத்துக்கு வந்தவர் மனத்தில் நிற்பது மேடை அலங்காரமா, தாம்பூலப் பையா? இதுதான் தலைப்பு. நான் பைக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள்: "பேராசிரியர் கல்யாண வீட்டுக்குப் போவதே பைக்காகத்தானா?" இல்லை அம்மா. நான் போவது சாப்பாட்டுக்காக. பை, திரும்பி வரும்போது தானாகக் கூட வருகிறது. (சிரிப்பு)

அலங்காரம், அலங்காரம் என்று அரைமணி நேரம் பேசினீர்களே, முகூர்த்த நேரத்தில் அந்த மேடையை யார் பார்த்தது? போன மாதம் ஒரு கல்யாணம். எனக்கு மூன்றாவது வரிசையில் இடம். எனக்கும் மணமக்களுக்கும் நடுவில் நாலு புகைப்படக்காரர்கள், இரண்டு வீடியோக்காரர்கள், விளக்குப் பிடிக்க ஒருவர். தாலி கட்டியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. கெட்டிமேளம் கேட்டது, கட்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். கையிலிருந்த அட்சதையை வீசினேன். அது ஒரு வீடியோக்காரர் முதுகில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என் ஆசி அவருக்குப் போய்விட்டது. (சிரிப்பு)

என் மூத்த மகளுக்கு 2018-ல் கல்யாணம். மேடை அலங்காரம் செய்கிற தம்பி ஒரு கனமான ஆல்பத்தோடு வந்தார். "சார், என்ன தீம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "கல்யாணந்தான் தம்பி தீம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இது அரண்மனை சார், இது கேரளா சார், இது வெளிநாட்டுத் தோட்டம் சார்" என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நம்ம ஊரு மாதிரி ஏதாவது இருக்கா தம்பி?" என்றேன். "இருக்கு சார். ஆனா அது சாதாரணமா இருக்கும்" என்றார்.

சாதாரணமாக இருக்கக் கூடாதல்லவா! சரி என்று தலையை ஆட்டினேன். வாசலில் இரண்டு பைபர் யானை. மேடை நிறைய ஆர்க்கிட், கார்னேஷன். தெர்மாகோலில் வெட்டிய மணமக்கள் பெயர். அன்று காலை மட்டும் நின்ற அந்த அலங்காரத்துக்கு நான் கொடுத்தது என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேலே. பி.எப். கடனில் ஒரு பங்கு அந்த யானையின் வயிற்றுக்குள் போனது. மாலை மூன்று மணிக்கு அடுத்த கல்யாணக்காரர்கள் வந்துவிட்டார்கள். தெர்மாகோல் பெயரைப் பிடுங்கி மூலையில் போட்டார்கள். யானை நகரவில்லை. காலையில் என் மகளுக்குத் தூக்கிய அதே துதிக்கையை மாலையில் யாரோ ஒரு பெண்ணுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. யானை எதையும் மறக்காது என்பார்கள். பைபர் யானை மறந்துவிடுகிறது.

நான் தமிழ் வாத்தியார், சங்க இலக்கியத்தைத் தொடாமல் இறங்கினால் வீட்டில் சோறு கிடைக்காது. அகநானூற்றின் 86ஆம் பாட்டு, நல்லாவூர் கிழார் பாடியது. ஒரு கல்யாணத்தை அப்படியே கண்முன் கொண்டுவந்து வைக்கிறார். உளுந்து சேர்த்துச் சமைத்த பொங்கல். வரிசையாகக் கால் நட்ட பந்தல். புது மணல் கொண்டுவந்து பரப்பினார்கள், விளக்கு ஏற்றினார்கள், மாலை தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான் அலங்காரம். பிறகு பிள்ளை பெற்ற மகளிர் நான்கு பேர் கூடி நின்று மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். கவிஞருக்கு முக்கியம் மணலா, மனிதர்களா என்று அந்தப் பாட்டைப் படித்துப் பாருங்கள்.

அதற்காக நான் அலங்காரத்துக்கு எதிரி அல்ல. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி தென்னங்குருத்து வெட்டி வந்து திண்ணையில் போடுவார்கள். என் தாய்மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த ஓலையில் கிளி செய்வார், வெட்டுக்கிளி செய்வார். நாங்கள் பொடிப்பயல்கள் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கிளி செய்து, அது காக்கா மாதிரி வந்து, மாமாவிடம் குட்டு வாங்குவோம். விடிந்தால் வாசலில் வாழைமரம், பாக்குக்குலை, நடுவில் எங்கள் காக்காக்களும் சேர்ந்து தோரணமாகத் தொங்கும். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை முகம் எனக்கு மறந்துவிட்டது. என் காக்கா எந்தத் தூணுக்குப் பக்கத்தில் தொங்கியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

நடுவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார், இவன் எந்த அணி என்று! ஐயா, 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, தோவாளை மாணிக்கமாலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலை என் கட்சி, மாலை அவர்கள் கட்சி. அரசாங்கமே இரண்டு பக்கமும் தலையாட்டும்போது, நான் கொஞ்சம் ஆட்டக் கூடாதா? (கைதட்டல்)

இப்போது பைக்கு வருகிறேன். 1992-ல் எனக்குக் கல்யாணம். அப்போது மஞ்சள் துணிப்பை. ஒரு பக்கம் சிவப்பு மையில் எங்கள் இருவர் பெயரும் முகூர்த்தத் தேதியும். என் தாயார் அந்தப் பையில்தான் ரேஷன் கடையில் சீனி வாங்கினார்கள். துவைத்துத் துவைத்து எழுத்து மங்கி, முதலில் என் பெயர் அழிந்தது, பிறகும் என் மனைவி பெயர் இருந்தது. (சிரிப்பு) வீட்டு நிலவரத்தைப் பை முன்கூட்டியே சொல்லிவிட்டது. கல்யாண நாளை நான் மறந்த வருஷங்களில் அந்தப் பையைக் காட்டித்தான் என்னை மாட்டிவிட்டார்கள்.

நடுவில் அந்த மஞ்சள் பைக்கு மரியாதை போய்விட்டது. மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் பட்டிக்காட்டான் என்றார்கள். பளபளவென்று பிளாஸ்டிக் வந்தது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. நாம் கேலி செய்து துரத்தினதை நாமே வெற்றிலை பாக்கு வைத்துத் திரும்ப அழைத்தோம்.

பை சரி, பைக்குள் என்ன? இங்கேதான் படித்தவர்கள் நிறைய தப்புப் பண்ணுகிறோம். சிலர் மணமக்கள் படம் போட்ட காப்பிக் கோப்பை கொடுக்கிறார்கள். காலையில் எழுந்து யாரோ ஒரு மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தா நான் காப்பி குடிப்பது? பத்தமடையில் மணமக்கள் பெயரையே கோரைப் பாயில் நெய்து கொடுப்பார்கள், கைநேர்த்தி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாய் யாருக்கு? மணமக்களுக்கு! அவர்கள் பெயர் போட்ட பொருள் அவர்கள் வீட்டில் இருப்பதுதான் அழகு. இன்னும் சிலர் சின்னதாக ஒரு சாமி சிலை கொடுக்கிறார்கள். இந்த வருஷம் மட்டும் என் வீட்டுக்கு ஏழு பிள்ளையார். அலமாரியில் இடம் இல்லை, எடுத்துப் போடக் கை வரவில்லை.

அடுத்தவரைச் சொல்வானேன். மூத்தவள் கல்யாணத்தில் பைக்கு நானே பொறுப்பு. தமிழ்ப் பேராசிரியன் அல்லவா! ஆளுக்கு ஒரு திருக்குறள் என்று முடிவு பண்ணினேன். "வர்றவங்கள்ல பாதிப்பேரு வீட்டுல ஏற்கெனவே இருக்கும்ல, மீதிப்பேரு படிக்க மாட்டான்ல" என்று அம்மா சொன்னார்கள். கேட்டேனா? சாயங்காலம் மண்டபத்தைக் காலி பண்ணும்போது நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். பதினேழு திருவள்ளுவர்! தேங்காயை எடுத்துக்கொண்டு வள்ளுவரை விட்டுப் போயிருந்தார்கள். தமிழுக்கு நான் செய்த தொண்டு, கூட்டுகிற பெண்மணிக்கு வேலை கூடியது. (சிரிப்பு)

சிரித்தாயிற்று. இனி நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை.

2009-ல் என் தகப்பனார் காலமானார். இரண்டு வருஷம் கழித்து ஒரு நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். அம்மா வரமாட்டேன் என்றார்கள். நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். மண்டபம் முழுக்கப் பூ. சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறோம். வாசலில் ஒரு சின்னப் பெண், பதினெட்டு வயது இருக்கும், பை கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். என் மனைவிக்குக் கொடுத்தாள். அடுத்து அம்மா. பையை நீட்டியவள் அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே பின்னால் போனது. பக்கத்தில் நின்ற பெரிய மனுஷியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன், அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் தாயார் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பெண்ணின் சங்கடத்தைப் போக்கினார்கள். "எனக்கு எதுக்கும்மா, வீட்டுல பை நெறையக் கெடக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. அந்த மண்டபத்து அலங்காரம் என்ன நிறம் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. பின்னால் போன அந்தக் கை மட்டும் தெரியும்.

2023-ல் இளையவளுக்குக் கல்யாணம். நான் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. நேரே வந்து பேனாவைப் பிடுங்கினார்கள். "ஏலே, நீ காலேஜ்ல பாடம் நடத்து. பையை நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்தார்கள் ஐயா! கெட்டித் துணி, இரண்டு கிலோ காய்கறி தாங்குகிற மாதிரி அடிப்பக்கம் இரட்டைத் தையல், தோளில் மாட்டுகிற நீளத்தில் கைப்பிடி. பெயரை எங்கே அச்சடிப்பது என்று அச்சகத்துக்காரர் கேட்டார். "உள்பக்கம் போடுப்பா. வெளியே போட்டா நாலு நாள் கழிச்சு எவ கடைக்கு எடுத்துட்டுப் போவா?" ஐம்பது கருத்தரங்கில் உட்கார்ந்தாலும் எனக்கு இந்த யோசனை வந்திருக்காது. தேங்காயைக் குடுமியோடு போடச் சொன்னார்கள், பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்கிறவரை கெடாது. வெற்றிலையை வாழையிலைத் துண்டில் சுருட்டச் சொன்னார்கள், வாடாது. திருக்குறளுக்குப் பதிலாக ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் பெயரே கிடையாது. பத்திரிகைக் கணக்குக்கு மேல் கால் பங்கு கூடுதலாகத் தைக்கச் சொன்னார்கள். "எதுக்கும்மா?" என்றேன். "சமையல்கட்டுல எத்தன பேரு? மேளக்காரங்க எத்தன பேரு? கூட்டுறவ, கரண்டு பாக்குறவன்லாம் மனுசன் இல்லையா? அவங்களுக்கு மொதல்ல குடு. கடைசில குடுத்தா மிச்சத்தக் குடுத்த மாதிரி இருக்கும்." பெரிய இடத்துக்கு ஒரு பை, சின்ன இடத்துக்கு ஒரு பை என்று இரண்டு ரகமும் கிடையாது. எல்லாம் ஒரே ரகம்.

கடைசியாக ஒன்று சொன்னார்கள். "குங்குமத்தப் பைக்குள்ள போடாத. தட்டுல தனியா வையி. வேணுங்கிறவ எடுத்துக்கிடட்டும். பை எல்லாருக்கும்."

அலங்காரம்? யானை வேண்டாம் என்றுவிட்டேன். எழுபது வயது மாமா ஊரிலிருந்து குருத்தோலையோடு வந்து இறங்கினார். அபார்ட்மெண்ட் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். ராத்திரி பதினொரு மணி வரை காக்கா உற்பத்தி!

கல்யாணத்தன்று பை கொடுக்கிற இடத்தில் யார் உட்காருவது என்று பேச்சு வந்தது. "அம்மா உட்காரட்டும்" என்றேன். சொந்தத்தில் ஒரு பெரியவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "சுமங்கலி யாராவது இருந்தா நல்லதுப்பா" என்றார். நான் வாய் திறப்பதற்குள் என் இளைய மகள், கழுத்தில் மாலையோடு, மணவறையிலிருந்து இறங்கி வந்தாள். பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பெரியவர் முதல் பையை வாங்கிக்கொண்டு போனார். (கைதட்டல்)

மதியம் இரண்டு மணி இருக்கும். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெற்றியில் பொட்டில்லாத ஒரு அம்மாள் சாப்பிட்டு முடித்து வந்தார்கள். வாசலில் பை கொடுப்பதைப் பார்த்ததும், பழக்கம் பாருங்கள், தானாகவே ஓரமாக ஒதுங்கி, தூணை ஒட்டி நடந்தார்கள். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தம் போட்டார்கள்: "ஏ தாயி! எங்க போற? ஒம் பை இங்கல்லா இருக்கு?"

அந்த அம்மாள் நின்றார்கள். திரும்பி வந்தார்கள். இரண்டு கையையும் நீட்டினார்கள். என் தாயார் எழுந்து நின்று கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா. மண்டபம் காலியான பிறகு நான் அம்மாவிடம் போய், "எனக்கு ஒரு பை குடும்மா" என்று கையை நீட்டினேன். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "தீந்து போச்சுல" என்றார்கள்.