வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



போதைப்பொருள் தடுப்பு பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். புகையிலையின் தீமைகளை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள், உறுதிமொழியும் எடுத்திருப்பீர்கள். நான் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். வருகை எடுக்கும்போது 'ஒன்பது' என்றதும் பின்வரிசையில் சிரிப்பு எழும். ஒன்பதாம் எண் வேறொரு பையனுடையது. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தது இவனைத்தான். மென்மையாகப் பேசுவான், நன்றாகக் கோலம் போடுவான். நான் யாரையும் கண்டிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஓரிரு முறை நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு அவன் பையில் புகையிலைப் பொட்டலம் சிக்கியது. "அப்பாவை அழைத்து வா" என்றேன். நமக்குத் தெரிந்த நடவடிக்கை அதுதானே! வந்தவரிடம், மற்ற பிள்ளைகள் அவனை என்ன சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அலுவலக அறை வாசலிலேயே அடித்தார். மறுவாரம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை.

பத்தாண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் "டீச்சர்" என்று ஒருவர் கூப்பிட்டார். அவர்தான். தையல் கடை வைத்திருக்கிறாராம். "அதை வாய்ல அடக்கிக்கிட்டா தலை சுத்தும் டீச்சர். அந்த நேரம் யாரு என்ன சொன்னாலும் உறைக்காது" என்றார். பிறகு அது மதுவாக மாறியிருக்கிறது. தன் ஈர்ப்பு ஆண்களிடம்தான் என்பதையும் அவரே தயங்காமல் சொன்னார்.

எப்படி மீண்டீர்கள் என்று கேட்டேன். அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார். அத்தை எதையும் விசாரிக்கவில்லை. சோறு போட்டு, தையல் இயந்திரத்தின் முன் உட்காரவைத்திருக்கிறார். குடியை விட்டது மூன்றாவது முயற்சியில்தான். முதல் இரண்டு முறை தவறியபோதும் அத்தை வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பள்ளியில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் சத்துணவு அக்கா ஒருவர்தான் என்றும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை.

கெய்ட்லின் ரயன் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் 224 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. இவர்கள் அனைவரும் பாலீர்ப்பால் சிறுபான்மையினர். வளரும் வயதில் குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்களிடம், அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிடப் போதைப்பொருள் பழக்கம் மூன்று மடங்குக்கும் மேல், தற்கொலை முயற்சி எட்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டன. அவை ஆசியக் குடும்பங்கள் அல்ல. திருமணம் வரையில், ஏன், அதன் பிறகும் பெற்றோரோடு வாழும் நம் பிள்ளைகளுக்கு வீட்டின் சொல் இன்னும் கனமானது என்றே நினைக்கிறேன்.

தன்பாலீர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் இப்படியொரு வழக்கு வந்தபோது, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தமக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவு வழங்கினார். 'மாற்றிவிடுகிறோம்' என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கும் புரியவைக்கச் சொன்னார். நம் கழகக் கூட்டங்களில் கட்டடமும் கழிப்பறையும் பேசுகிறோம், இதைப் பேசியதாக நினைவில்லை.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கும் கடை மீது புகார் கொடுங்கள், தவறாமல் கொடுங்கள். ஆனால் பையில் பொட்டலம் கிடைத்தால் முதலில் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, எப்போது பயன்படுத்துகிறாய், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். பாலீர்ப்பைப் பற்றி நீங்களாகத் துருவ வேண்டாம். பிள்ளையே சொன்னால், அவன் சம்மதமின்றி அந்தச் செய்தி வீட்டுக்கும் போகக்கூடாது, ஆசிரியர் அறைக்கும் போகக்கூடாது. பழக்கத்தைப் பற்றி வீட்டில் பேசவேண்டி வந்தால் அதை மட்டும் பேசுங்கள். ஆபத்து தெரிந்தால் 1098 இருக்கிறது, மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது.

நான் இப்போது வருகையை எண் சொல்லி எடுப்பதில்லை, பெயர் சொல்லித்தான் எடுக்கிறேன். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகிறது.