சுபாங்கில் எந்த விமானம் இறங்கலாம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பவள் நான். இன்று என்னையே பேசச் சொல்லி விட்டார்கள். கொடுக்கப்பட்ட தலைப்பு இதுதான்: தலைநகரின் பழைய விமான நிலையத்தில் இன்ன விமானம்தான் இறங்கலாம், இவ்வளவு தூரம்தான் பறக்கலாம் என்று கட்டுப்பாடு வைப்பது சரியா?

முதலில் இரண்டு பேரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டு வாசலில் ஒருமுறை பேட்டி எடுத்துக் கொண்டிருந்தோம். எங்கள் ஒலிப்பதிவாளர் மூன்று முறை கையைத் தூக்கிப் படப்பிடிப்பை நிறுத்தினார். தலைக்கு மேல் விமானம். பேட்டி கொடுத்த அம்மா மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் தாதி. அவர் சிரித்துக் கொண்டே சொன்னார்: "தங்கச்சி, உங்களுக்கு மூனு தடவைதான். எனக்கு ராத்திரி வேலை. பகல்லதான் தூங்கணும்."

அதே வாரம் சுபாங் விமான நிலையத்தில் கோத்தா பாரு விமானத்துக்குக் காத்திருந்த ஒருவரிடம் பேசினேன். தாயாருக்கு உடல்நலம் மோசமாகி விட்டதாகச் செய்தி வந்து புறப்பட்டவர். "கே.எல்.ஐ.ஏ.வுக்குப் போயிருந்தா இந்நேரம் நெடுஞ்சாலையிலதான் இருந்திருப்பேன்" என்றார்.

இருவர் சொல்வதும் நியாயம். ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்குத் தொந்தரவு. இந்த இரண்டையும் எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் இன்றைய கேள்வி.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். சுபாங் விமான நிலையம் 1965 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதையின் நீளம் 3,780 மீட்டர். ஜம்போ ஜெட் விமானங்களே இறங்கிய இடம் அது. நம் குடும்பங்களில் எத்தனை பேர் சென்னைக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான்! ஒருவர் பயணம் போக, பத்துப் பேர் வேனில் ஏறி வழியனுப்பப் போன காலம் அது. 1998 ஜூன் மாதம் செப்பாங்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டது. அனைத்துலகச் சேவைகள் அங்கே மாறின. எஞ்சியிருந்த ஜெட் சேவைகளும் அடுத்த சில ஆண்டுகளில் சுபாங்கை விட்டுப் போயின. 2003இல் சுபாங்கின் முதலாவது முனையக் கட்டடம் இடிக்கப்பட்டது.

அதன் பிறகு சுபாங்கில் பயணிகள் சேவைக்கு அனுமதி கிடைத்தது டர்போபுராப் எனப்படும், விசிறி வைத்த சிறிய விமானங்களுக்கு மட்டுமே. பிரபலமானது ஏ.டி.ஆர். 72. ஏறத்தாழ 70 பேர் உட்காரலாம். ஜெட் விமானத்தைவிட வேகம் குறைவு. குறுகிய பயணத்துக்குச் சிக்கனம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானத்தின் அளவுக்குக் கட்டுப்பாடு வைத்தால், பாதைக்கும் கட்டுப்பாடு வைத்தது போலத்தான். பினாங்கு, லங்காவி, கோத்தா பாரு, ஜொகூர் பாரு, சிங்கப்பூர் எல்லாம் ஏ.டி.ஆர். விமானத்துக்கு எளிதான தூரம். ஆனால் கோத்தா கினபாலு 1,600 கிலோமீட்டருக்கும் மேல். சென்னை ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். 'சென்னைக்குப் பறக்கக் கூடாது' என்று யாரும் சட்டம் போடத் தேவையில்லை. 'விசிறி விமானம் மட்டும்' என்று சொன்னாலே போதும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? ஓடுபாதை பலவீனமானதா? இல்லை. ஜெட் வருவதற்கு இடம் போதவில்லையா? அதுவும் இல்லை. முக்கியக் காரணம் கே.எல்.ஐ.ஏ. பெரும் பணம் போட்டுப் புதிய நிலையம் கட்டி விட்டு, நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழையதையும் முழுமையாகத் திறந்து வைத்தால், யார் செப்பாங் வரை போவார்கள்? ஏர் ஆசியா மலிவுக் கட்டணச் சேவைக்குச் சுபாங்கைக் கேட்டது. அரசாங்கம் இணங்கவில்லை. அதற்குப் பதிலாக 2006 மார்ச்சில் கே.எல்.ஐ.ஏ. வளாகத்திலேயே மலிவுக் கட்டண முனையம் திறக்கப்பட்டது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோத்தா பாருவிலிருந்து வருகிறவர் சென்னைக்குப் போக வேண்டுமானால், சுபாங்கில் இறங்கிப் பெட்டி படுக்கையைத் தூக்கிக் கொண்டு இன்னொரு மணி நேரம் காரில் கே.எல்.ஐ.ஏ.வுக்குப் போக வேண்டும். எல்லாச் சேவையும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் வேறு. அந்தக் கட்டுப்பாட்டால் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களுக்கு ஓரளவு அமைதி கிடைத்தது உண்மை. அது அவர்களை மனத்தில் வைத்துக் கொடுக்கப்பட்ட அமைதியா? அப்படி இருந்திருந்தால் சரக்கு ஏற்றும் ஜெட் விமானங்களும், வசதி படைத்தவர்களின் தனியார் ஜெட் விமானங்களும் தொடர்ந்து சுபாங்கில் இறங்கியிருக்காது. அவை இறங்கிக் கொண்டுதான் இருந்தன. புதிய நிலையத்தைக் காப்பாற்றப் போட்ட விதி, போகிற போக்கில் குடியிருப்பாளர்களுக்கும் உதவியது. அவ்வளவுதான். போகிற போக்கில் கிடைத்தது, போகிற போக்கிலேயே போய்விடும். எழுதி வாங்கியதுதான் நிற்கும்.

அப்படித்தான் நடந்தது. 2023 பிப்ரவரியில் சுபாங் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற, நடுவில் ஒரே நடைபாதை உள்ள ஜெட் விமானங்களுக்குக் கதவு திறந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இல்லாதிருந்த பயணிகள் ஜெட் சேவை 2024 ஆகஸ்டில் திரும்பி வந்தது. அதே மாத இறுதியில் ஏர் ஆசியா அங்கிருந்து கோத்தா கினபாலுவுக்கும் கூச்சிங்கிற்கும் பறந்தது. செப்டம்பரில் சிங்கப்பூரின் ஸ்கூட் வந்தது. ஆனால் 2025 ஏப்ரலில் ஏர் ஆசியா சுபாங் சேவையை நிறுத்திக் கொண்டு, கே.எல்.ஐ.ஏ.வின் இரண்டாம் முனையத்துக்கே திரும்பியது. ஒரு காலத்தில் கேட்டும் கிடைக்காத இடம் அது! நகரத்துக்குப் பக்கம் என்பது மட்டும் ஒரு விமான நிலையத்தை வாழ வைத்து விடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கே.எல். சென்ட்ரலிலிருந்து சுபாங் முனையத்துக்கு 2018 மே மாதம் ரயில் விட்டார்கள். பயணிகள் குறைவு என்று 2023 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அமைச்சரவை ஜெட் விமானத்துக்குக் கதவைத் திறந்த அதே மாதம்! ஆகாயத்தில் வசதி கூடுகிறது. கீழே ஏற்கெனவே நெரிசலான சாலையில் கார்கள் கூடுகின்றன.

மற்ற தலைநகரங்களில் என்ன செய்கிறார்கள்? வாஷிங்டனில் நகரத்தை ஒட்டிய விமான நிலையம் 1941இல் திறக்கப்பட்டது. தொலைவில் டல்லஸ் விமான நிலையம் 1962இல் வந்தது. நம் கதையேதான். அங்கே விமானத்தின் வகையோடு தூரத்தையும் கணக்கெடுத்தார்கள். 1966இல் தொடங்கிய விதி அது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லை 1,250 மைல், அதாவது சுமார் 2,000 கிலோமீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமானால் டல்லஸ். தங்கள் மாநிலத்துக்கு நேரடி விமானம் வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்கக் கேட்க, விதிவிலக்குகள் கூடிக் கொண்டே வந்தன. 2024இல்கூட ஐந்து புதிய சேவைகள். ஆனாலும் ஒவ்வொரு விதிவிலக்கும் நாடாளுமன்றத்தில் சட்டமாகித்தான் வர வேண்டியிருந்தது. அண்டை மாநிலங்களான விர்ஜீனியா, மேரிலாந்து செனட்டர்கள் எழுந்து நின்று எதிர்க்க முடிந்தது.

லண்டன் சிட்டி விமான நிலையத்தைப் பாருங்கள். ஓடுபாதை 1,508 மீட்டர்தான். பெரிய விமானம் நினைத்தாலும் இறங்க முடியாது. அதோடு சனிக்கிழமை பகலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பகல் வரை விமானமே கிடையாது. சுற்றி வாழ்பவர்களுக்கு அந்த 24 மணி நேரம் சொந்தம். அந்த நிலையம் சில அனுமதிகள் கேட்டது. ஆண்டுக்கு 65 இலட்சமாக இருந்த பயணிகள் வரம்பை 90 இலட்சமாக்க 2024 ஆகஸ்டில் அரசாங்கம் சம்மதித்தது. சனிக்கிழமை மதியத்தைத் தர மறுத்து விட்டது. வளர்ச்சியும் கிடைத்தது, ஓய்வும் தப்பியது. எழுதி வைத்திருந்ததால்!

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. சிங்கப்பூர், சாங்கியின் ஓடுபாதையை ஜெட் விமானங்களுக்கு ஒதுக்க விரும்பி, 2018 இறுதியில் சிறிய விமானங்களுக்குச் சிலேத்தாரில் முனையம் திறந்தது. அங்கே இறங்க வகுக்கப்பட்ட பாதை பாசிர் கூடாங் மேலே வந்தது. அதனால் அந்த ஊரில் உயரமான கட்டடம் எழுப்ப முடியாமல் போகும் என்று மலேசியா ஆட்சேபித்தது. சுபாங்கிலிருந்து சிலேத்தார் போக வேண்டிய ஃபையர்பிளை சேவை 2019 ஏப்ரல் வரை காத்திருந்தது. 70 பேர் போகும் சின்ன விமானம்கூட, கீழே இருக்கும் ஊர் எவ்வளவு உயரம் வளரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது, பார்த்தீர்களா?

ஆகவே நேயர்களே, ஜெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோத்தா பாருவுக்கு அவசரமாகப் போனவரின் வசதியைப் பறிக்க எனக்கு மனம் வராது. நான் கேட்பது மூன்று.

ஒன்று, எந்த அளவு விமானம், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, நாளொன்றுக்கு எத்தனை என்ற மூன்றும் கெஜட்டில் வரட்டும். சாதாரணக் குடியிருப்பாளர் எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்கட்டும்.

இரண்டு, வீடமைப்புப் பகுதிகளில் இரைச்சலை அளந்து, கணக்கை மாதாமாதம் வெளியிடட்டும். நீ சொல்வது பொய், நான் சொல்வது மெய் என்ற சண்டை அப்போதுதான் ஓயும்.

மூன்று, விதியை மாற்றும் முன் பேச்சுவார்த்தை மேசையில் குடியிருப்பாளர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். முடிவு எடுத்த பிறகு கூட்டி விளக்கம் சொல்வது கலந்தாலோசனை ஆகாது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? 'நம்ம பேச்சு எங்கே எடுபடப் போகுது' என்று வீட்டிலேயே இருந்து விடுகிறோம். ஊராட்சி மன்றத்தில் கருத்து கேட்கும்போது எழுதிக் கொடுங்கள். குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள்.

அந்தத் தாதி அம்மா நம்மைப் பார்த்துக் கொள்ள இரவெல்லாம் விழித்திருக்கிறார். அவர் எந்த நேரத்தில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதையாவது அட்டவணையில் பார்த்துத் தெரிந்து கொள்ளட்டும்.