மனஸ்தாபம் வந்த சபையில் மூப்பர் செய்ய வேண்டியது

(குடுமியான்மலையில் சபை மூப்பர்களுக்கும் உபதேசியார்களுக்கும் நடந்த ஒருநாள் பயிற்சியில் எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள் சார்பில் பேசப்பட்டது)



ஆஸ்பத்திரிக்காரருக்குச் சபைச் சண்டையில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஊசி போடுகிறவர்கள் பஞ்சாயத்துக்கும் வந்துவிட்டார்களே என்று காலையில் காப்பி குடிக்கும்போதே ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு கேட்டும்விட்டார். ஆகையால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கிராமச் சபையின் ஹாலில் மாதம் ஒருமுறை எங்கள் கிளினிக் நடந்து வந்தது. சர்க்கரை வியாதிக்காரரும் இரத்த அழுத்தக்காரருமே அதிகம். அந்தச் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்துக்குக் கணக்கு காட்டவில்லை என்று ஒரு பேச்சு எழும்பிற்று. பேச்சு வளர்ந்து சபை இரண்டு கட்சியாயிற்று. கடைசியில் ஹாலின் ஒரே கதவில் இரண்டு பூட்டு தொங்கியது. மூன்று மாதம் கிளினிக் இல்லை. எங்களிடம் மாத்திரை வாங்கிவந்த ஒரு விதவைத் தாயார் வேறெங்கும் போகாமல் இருந்துவிட்டார். காலில் முள் குத்திய புண் வலி தெரியாமலே பெருகிற்று. அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாளுக்கு ஏலக் கணக்கும் தெரியாது, கட்சியும் கிடையாது.

எங்கள் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. பூட்டு விழுந்த உடனே எங்களுக்குப் பழக்கமான மூப்பரிடம் போய்ச் சாவி கேட்டோம். அவர் தம்முடைய பூட்டைத் திறந்தார். அன்றுமுதல் மற்றக் கட்சியார் எங்களை எதிராளிகளாக எண்ணினார்கள், எங்கள் ஜீப் வந்தால் தெருவில் ஒருவரும் முகம் கொடுப்பதில்லை. பிணி தீர்க்கப் போகிறவர்களுக்கு யாரிடம் முதலில் பேசுவது என்று தெரிந்திருக்கவில்லை. அதைப் படித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் எங்களுக்கு வந்தது.

இன்று காலை இங்குள்ள இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லப்படுகிற அந்தப் பாறையில் சுர வரிசைகளை வெட்டி, மாணாக்கரின் நன்மைக்காக இது செய்யப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். சங்கீதம் பழகுகிறவனுக்குத் தினப்பாடம் வேண்டும் என்பது அந்த நாளிலேயே தெரிந்திருக்கிறது. நாமோ, ஒருவரை மூப்பராகத் தெரிந்தெடுத்த மறுநாளே அவருக்குச் சமாதானம் பண்ணத் தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எருசலேம் சபையில் வந்த முறுமுறுப்பு என்ன? சாப்பாட்டு விஷயம். கிரேக்கு பேசுகிறவர்களுடைய விதவைகள் பந்தி விசாரணையில் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர் முதலில் முறுமுறுத்தது யார் என்று துருவவில்லை, ஆவிக்குரியவர்கள் இப்படிப் பேசலாமா என்று கடிந்துகொள்ளவுமில்லை. சபையார் எல்லாரையும் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். அந்த ஏழு பெயர்களையும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்திப் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றே நாங்கள் எண்ணுகிறோம். நம்முடைய கமிட்டியில் கணக்கு கேட்டவரையே பொருளாளராக்குவோமா? பலர் சிரிக்கிறீர்கள்.

மத்தேயு 18இல் ஆண்டவர் காட்டிய ஒழுங்கு உங்களுக்கு மனப்பாடம். முதலில் தனியாய்ப் போய்ப் பேச வேண்டும், பிறகு ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்குப் பின்பே சபைக்குத் தெரியப்படுத்த வேண்டும். நம்மிடத்தில் இது தலைகீழாய் நடக்கிறது. முதலில் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது, அப்புறம் வக்கீல் நோட்டீஸ் போகிறது. நேரில் பார்ப்பதோ யாராவது சாவில்தான்.

ஆகவே மூப்பர் செய்ய வேண்டிய காரியங்களில் முக்கியமானதைச் சொல்லுகிறோம். இரு தரப்பாரையும் அவரவர் வீட்டில், தனித்தனியே, ஏறக்குறைய ஒரே அளவு நேரம் போய்க் கேளுங்கள். ஒரு வீட்டில் காப்பி குடித்தால் மற்ற வீட்டிலும் குடியுங்கள். இதைச் சின்னக் காரியம் என்று நினைக்காதிருங்கள், ஊர் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். கேட்டதை அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். ஆம், இதுதான் என் மனக்குறை என்று அவர் சொல்லுமட்டும் திருத்துங்கள். அன்றே தீர்ப்புச் சொல்லாதிருங்கள். உங்கள் சொந்தக்காரர் ஒரு தரப்பில் இருந்தால் வேறொரு மூப்பரை அழையுங்கள். பணக் காரியமானால் சமாதான ஜெபத்துக்கு முன்னே ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கணக்கு ஒளிந்திருக்கும்போது செய்கிற ஜெபம் ஒரு கட்சியின் ஜெபமாகிவிடும்.

இதெல்லாம் சீக்கிரம் முடியும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. நம்முடைய தென்னிந்தியத் திருச்சபையின் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். பேராயர் அசரியாவும் அவர்களில் ஒருவர். பேராயர் என்ற பதவி வேண்டுமா, ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர்களை மற்றச் சபையார் ஒப்புக்கொள்வார்களா என்பதே பெரிய தகராறு. பேசிப் பேசி 28 வருஷம் ஆயிற்று. அசரியா 1945 ஜனவரி 1ஆம் தேதி மரித்துப்போனார், ஐக்கியத்தைக் காணவில்லை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அது நிறைவேறியது. இருந்த ஊழியர் எல்லாரையும் ஏற்றுக்கொள்வது, இனிமேல் குருப்பட்டம் பேராயர் கையால் கொடுப்பது, எந்தச் சபையின்மேலும் அதற்கு மனம் ஒவ்வாத ஊழியத்தைத் திணிக்காதிருப்பது என்று ஒப்பந்தம் செய்தார்கள். அப்போதும் நந்தியால் பகுதியில் பலர் சேரவில்லை, 1975 வரைக்கும் வெளியேதான் இருந்தார்கள். அவர்களைப் பகைவர் என்று ஒதுக்காமல் காத்திருந்தபடியால் பின்னால் வரமுடிந்தது என்பது எங்கள் எண்ணம்.

இனி ஒரு எச்சரிப்பு. எல்லாவற்றையும் சமாதானம் பண்ணக் கூடாது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால், 2012ஆம் வருஷச் சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மூப்பர் மூடிவைத்தால் அவரும் குற்றவாளி. அடிபட்டு வருகிற மனைவியைச் சபை மானத்துக்காக மறுபடி அதே வீட்டுக்கு அனுப்பாதிருங்கள். அந்தப் பெண்களுக்குத் தையல் போடுகிறவர்கள் நாங்கள்.

சாதிக் காரியமும் அப்படியே. இதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் பிள்ளைகளுக்கு நோய் வந்து, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகே தலித் மக்கள் தொட்டியின்மேல் ஏறிப் பார்த்து, உள்ளே மனிதக் கழிவு கலந்திருப்பதைக் கண்டார்கள். இது இரு தரப்பையும் கைகுலுக்கச் சொல்லுகிற மனஸ்தாபம் அல்ல. சபைக்குள் சாதி இல்லை என்றும் ஒருவரும் சொல்ல வேண்டாம். எறையூரில் ஒரே கத்தோலிக்கப் பங்கின் மக்களுக்குள் சவ ஊர்வலப் பாதையிலும் ஆலயத்திலும் சமத்துவம் கேட்ட விஷயம் வருஷக்கணக்காய்ப் புகைந்தது. 2008 மார்ச் 9ஆம் தேதி அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950ஆம் வருஷ ஆணையின் நிமித்தம் அட்டவணைச் சாதி அந்தஸ்து இல்லை, ஆகவே 1989ஆம் வருஷ வன்கொடுமைச் சட்டத்தின் துணையும் இல்லை. அவர்கள் முறையிட முதலில் வருகிற இடம் உங்கள் திண்ணைதான்.

நாங்கள் சொன்ன அந்த ஹாலைப் பற்றி விசாரிப்பீர்கள். இரண்டு கட்சிக்கும் வேண்டாதவர்களான, அதாவது பொதுவான, பக்கத்து ஊர் மூப்பர் இருவர் ஆறு முறை போய்வந்தார்கள். போன மாதம் ஒரு பூட்டை எடுத்தாயிற்று. மற்றது இன்னும் தொங்குகிறது. கிளினிக் இப்போது வெளியே வேப்பமரத்தடியில் நடக்கிறது. அந்த அம்மாள் கம்பு ஊன்றிக்கொண்டு தவறாமல் வருகிறார்.

சாப்பாட்டுக்குப் பிறகு இருவர் இருவராய் உட்காருங்கள். உங்கள் ஊர்க்காரரோடு வேண்டாம். ஒருவர் தம் சபையில் உள்ள ஒரு மனக்குறையைப் பேர் சொல்லாமல் சொல்லட்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். ஆம் இதுதான் என்று முதலாமவர் ஒத்துக்கொண்ட பிறகே அடுத்தவர் முறை. பேப்பரும் பேனாவும் வாசலில் வைத்திருக்கிறோம்.