காப்பு எந்நாளில் தொடங்குகிறது?



ஒரு வள்ளத்திலிருந்து மற்றொரு வள்ளத்துக்கு மாறுகிறவன், முன்காலை உறுதியாக ஊன்றிய பின்னரே பின்காலை எடுக்கிறான். இதைக் கடற்கரை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் மருத்துவக் காப்புறுதி ஒன்றை இழந்து வேறொன்றில் சேரும் வேளையில், நம்மிற் பலர் இவ்விதியை மறந்துவிடுகின்றனர். பழைய காப்பு முடிவடையும் நாள் எது, புதிய காப்புத் தொடங்கும் நாள் எது என்ற இரு வினாக்களுக்கும் விடை அறியாமலே காலம் கழிக்கின்றனர். அவ்விரு நாட்களுக்கும் இடையே நோய் வந்துவிட்டால், பல்லாண்டுகள் சேர்த்த பணமும் தோட்டக் காணியும் கரைந்துபோக ஒரு சத்திர சிகிச்சையே போதுமானது.

நுரைச்சோலையில் வாழும் எமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. கற்பிட்டிக் குடாநாட்டில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடுவோர், கடற்றொழில் செய்வோர் ஆகியோரின் வீடுகளிலிருந்து பிள்ளைகள் பிறநாடுகளுக்குச் சென்று உழைக்கின்றனர். தொழில் மாறும்போதும், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போதும், தொழிலோடு இணைந்திருந்த காப்புறுதியும் அவர்களை விட்டு நீங்குகிறது.

காப்புறுதியில் மூன்று நாட்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். விண்ணப்பம் கொடுத்த நாள் ஒன்று. முதற் கட்டணம் செலுத்திய நாள் மற்றொன்று. காப்பு நடைமுறைக்கு வரும் நாள் மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றே என எண்ணுவதுதான் பெருந்தவறு. விண்ணப்பத்தில் ஒப்பமிட்ட மாத்திரத்தில் எவருக்கும் காப்புக் கிடைத்துவிடுவதில்லை.

ஏன் இந்தத் தாமதம் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் தீப்பற்றிய பின்னர் தீக்காப்புறுதி எடுக்க எல்லாரும் முற்படுவார்களாயின், பொதுநிதி எங்ஙனம் நிலைக்கும்? சுகதேகிகளாய் இருக்கும்போது பலர் செலுத்தும் பணமே, நோயுற்ற சிலருக்கு உதவுகின்றது. நோய் வந்தபின் மாத்திரம் சேர்வோரைத் தடுக்கவே காத்திருப்புக் காலமும் குறித்த தொடக்க நாளும் வகுக்கப்பட்டுள்ளன. விதி நியாயமானதே. ஆனால் அதனை அறியாதவர்மீது அது கடுமையாக விழுகின்றது.

நாடுகள் இவ்விடரைத் தீர்க்க முயன்ற வழிகள் பலவாகும். ஐக்கிய அமெரிக்காவில் தொழிலோடு காப்பை இழந்தவருக்கு, மத்திய அரசின் காப்புறுதிச் சந்தையில் புதிய திட்டமொன்றைத் தெரிவுசெய்ய 60 நாள் அவகாசம் உண்டு. காப்பு, தெரிவுசெய்த மாதத்தை அடுத்து வரும் மாதத்தின் முதல் நாளிலேயே தொடங்கும். ஒருவருடைய பழைய காப்பு மார்ச் 31 ஆம் திகதி முடிவதாக வைத்துக்கொள்வோம். அவர் மார்ச் மாதத்துக்குள்ளேயே தெரிவுசெய்து கட்டணமும் செலுத்தினால், ஏப்ரில் 1 ஆம் திகதி புதிய காப்பு ஆரம்பமாகும்; ஒரு நாளேனும் இடைவெளி இராது. ஏப்ரில் 5 ஆம் திகதி தெரிவுசெய்தாலோ, மே 1 வரை காத்திருத்தல் வேண்டும். ஐந்து நாள் தாமதித்தமையால் ஒரு மாதம் முழுவதும் காப்பின்றிக் கழிகின்றது. அந்நாட்டிலேயே 'கோப்ரா' எனப்படும் வேறொரு ஏற்பாடும் உண்டு. அதன்படி, தகுதியுடையவர் பழைய தொழில்வழிக் காப்பையே தமது செலவில் நீடிக்கலாம். முடிவெடுக்க 60 நாள் தரப்படுகின்றது. சேர்ந்து நிலுவைக் கட்டணத்தைச் செலுத்தினால், இழந்த நாளிலிருந்தே காப்பு உயிர்பெறும். கட்டணம் பெரிதாயினும், இடையில் நோயுற்றவருக்கு அது மீட்சி.

நம்மவர் பலர் குடியேறிய சுவிற்சர்லாந்தின் ஏற்பாடு இன்னும் செம்மையானது. 1996 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, அங்கு வதிவோர் மூன்று மாதத்துக்குள் காப்புறுதியில் சேர்தல் வேண்டும். காலத்தோடு சேர்ந்தவருக்கு, வதிவிடம் கொண்ட நாளிலிருந்தே காப்பு உண்டு. பிந்திச் சேர்ந்தவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே காப்பு. தக்க காரணமின்றிப் பிந்தினால் மேலதிகக் கட்டணமும் உண்டு. ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறுகையில், இவரை இடைவெளியின்றி ஏற்றுக்கொண்டோம் எனப் புதிய நிறுவனம் அறிவிக்கும் வரையில் பழைய நிறுவனத்தின் பொறுப்பு நீங்குவதில்லை. மாறுகிறவனின் காலைச் சட்டமே பிடித்துக்கொள்கின்றது.

கனடாவிலோ மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறுபடும். ஒன்ராறியோவில் புதிதாகக் குடியேறுவோருக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச் மாதத்தில் நீக்கப்பட்டது. பிரித்தானிய கொலம்பியாவில், வந்த மாதத்தின் எஞ்சிய நாட்களும் அதன்மேல் இரண்டு மாதங்களும் காத்திருத்தல் வேண்டும். இந்தியாவில் தனியார் காப்புறுதியில் முதன்முறை சேர்வோர், விபத்து நீங்கலான நோய்களுக்கு வழக்கமாக 30 நாள் பொறுத்தல் வேண்டும். முன்னரே உள்ள நோய்க்கான காத்திருப்பின் உச்ச எல்லை 2024 இல் 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. காப்பை முறியவிடாமல் நிறுவனம் மாறுகிறவருக்கு, முன்பு கழித்த காலமும் கணக்கிற் சேரும். முறியவிட்டவரோ மீண்டும் முதற்படியில் நிற்பார்.

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகள் இலவசமாகச் சிகிச்சை அளிக்கின்றன; அது பெரும்பேறு. எனினும் தனியார் வைத்தியசாலைச் செலவுக்காகக் காப்புறுதியை நம்புவோரும் உளர். அரச ஊழியருக்குரிய அக்ரஹார காப்புறுதியை, 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகின்றது. அதற்கான பணம் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகின்றது. சம்பளம் நின்றால் அக்கழிவும் நிற்கும். ஆகவே ஓய்வுபெறும் ஆசிரியரும் எழுதுவினைஞரும், பிரியாவிடை வைபவத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன்னரே, தமது காப்பு எந்நாள்வரை செல்லும், அதன்பின் என்ன செய்யலாம் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டறிதல் வேண்டும்.

நேயர்களே, செய்யவேண்டியவை சிலவே. பழைய காப்பின் இறுதி நாளைக் குறிக்கும் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். இயலுமாயின், அந்நாள் வருமுன்னரே புதியதற்கு விண்ணப்பியுங்கள். முதற் கட்டணத்தைத் தாமதியாது செலுத்திப் பற்றுச்சீட்டைப் பேணுங்கள். தொடங்கும் நாளை வாய்மொழியாக ஏற்காது பத்திரத்தில் வாசித்துப் பாருங்கள். காத்திருப்புக் காலம் உண்டா, எந்நோய்க்கு எவ்வளவு என்று வினவுங்கள். அவசரமற்ற சத்திர சிகிச்சையை வைத்தியரின் ஆலோசனையோடு அந்நாளுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். பிறநாட்டிலுள்ள பிள்ளை தொலைபேசியில் அழைத்து, வேலை மாறுகிறேன் என்று சொன்னால், புதிய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாது, புதிய காப்பு எந்நாளில் தொடங்குகிறது என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கக்கூடும்.