ராணிப்பேட்டை வெல்டருக்கு கப்பல் சான்றிதழ் வேண்டும்

(ஐ.டி. விங் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிச்சுட்டு ஷேர் பண்ணுங்க.)



நான் மேடைப் பேச்சாளர் இல்ல. மெக்கானிக்கல் முடிச்சுட்டு நம்ம பேஜுக்கு போஸ்டர் போடுறவன். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு தோலும் ஷூவும்தான் ஞாபகம் வரும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டுச்சு. ஏற்றுமதி ஒண்ணையே நம்பி இருக்கிற ஊருக்கு அது எவ்வளவு பெரிய பயம்னு, காலையில கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற அக்காங்களைக் கேளுங்க, சொல்வாங்க. தோல் தொழிலைக் காப்பாத்தணும், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா நம்ம பசங்களுக்கு ரெண்டாவது தொழில் ஒண்ணும் வேணும். நான் சொல்றது கப்பல்.

"கடலே இல்லாத ஊர்ல கப்பலா?"ன்னு சிரிக்காதீங்க.

கப்பலை ஒரே இடத்துல அடியில இருந்து முழுசா கட்டி ஏத்துறது இல்ல. இரும்புத் தகட்டை வெட்டி, பின்னாடி வலுவுக்குப் பட்டை வச்சு வெல்டு பண்ணி, சின்னச் சின்ன பாகமா செஞ்சு, அதைப் பெரிய பிளாக்கா சேர்த்து, கடைசியா கப்பல் தளத்துல ஒண்ணா இணைப்பாங்க. அந்தப் பெரிய பிளாக் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டாது, ஒத்துக்கறேன். ஆனா பைப் ஸ்பூல், ஏணி, கைப்பிடிக் கம்பி, காத்துக் குழாய், மெஷின் உக்கார்ற பீடம், சின்ன டேங்க் எல்லாம் லாரியில தாராளமா போகும்.

அந்த வேலைக்கு ஆள் நம்மகிட்ட இருக்காங்களா? இருக்காங்க. ராணிப்பேட்டையில பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை 1980-களில் இருந்து ஓடுது. அனல் மின் நிலையப் புகையில இருந்து சாம்பலைப் பிடிக்கிற ஈ.எஸ்.பி. அங்க தயாராகுது. அந்த ஆலையை நம்பி சுத்துவட்டாரத்துல எத்தனையோ ஃபேப்ரிகேஷன் பட்டறை வந்துச்சு. அனல் மின் நிலைய ஆர்டர் குறைஞ்சப்போ அந்தப் பட்டறைகளும் வாடிப்போச்சு. ஈ.எஸ்.பி. பெட்டியும் தகடுதான், பின்னாடி வலுவுக்குப் பட்டைதான். கப்பலோட பக்கச் சுவரும் அதேதான். கை ஒண்ணுதான், தர விதிதான் வேற.

அந்த விதி ஏன் கடுமை? 1943 ஜனவரி 16. அமெரிக்காவுல போர்ட்லேண்ட் நகரத்துல ஸ்கெனெக்டடின்னு ஒரு புது எண்ணெய்க் கப்பல். புயல் இல்ல, அலை இல்ல, கரையில கட்டிக் கிடந்தது. ராத்திரியில ரெண்டாப் பிளந்துடுச்சு. இரும்போட தரமும் வெல்டிங் குறையும் சேர்ந்து செஞ்ச வேலை அது. ரிவெட் அடிச்ச கப்பல்ல விரிசல் பெரும்பாலும் ஒரு தகட்டோட நின்னுடும். வெல்டு பண்ணின கப்பல் மொத்தமும் ஒரே துண்டு மாதிரி. விரிசல் நிக்காம ஓடும்.

அதனாலதான் கப்பல் வெல்டருக்குத் தனித் தேர்வு. இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங், லாய்ட்ஸ் மாதிரி தரச்சான்று அமைப்போட சர்வேயர் முன்னாடி, தலைக்கு மேல, செங்குத்தா எல்லாம் வெல்டு போட்டுக் காட்டணும். தகட்டை வளைச்சோ எக்ஸ்ரே எடுத்தோ பார்ப்பாங்க. தேறினா சான்றிதழ். ஐ.எஸ்.ஓ. 9606 விதிப்படி 6 மாசத்துக்கு ஒருமுறை, "இவர் இந்த வேலையைத் தொடர்ந்து செய்யறார்"னு கையெழுத்தும் வேணும். வேலை போனா, கொஞ்ச நாள்ல சான்றிதழும் போயிடும்.

எங்க சித்தப்பா 22 வருஷமா வெல்டர். ஒரு கப்பல் தளத்துக்கு வேலை கேட்டுப் போனார். "கிளாஸ் சர்டிபிகேட் எங்க?"ன்னு கேட்டாங்க. இல்ல. அன்னிக்கே பஸ் ஏறி வந்துட்டார். "டேய், என் கையில டார்ச்சைக் குடுத்துப் பார்க்கவே இல்லடா"ன்னு மட்டும் சொன்னார். அவங்க மேல தப்பு இல்ல, விதி அப்படி. அந்தத் தேர்வை எழுத நம்ம சித்தப்பாங்களுக்கு யார் வழி செஞ்சா? அதுதான் என் கேள்வி.

ஏன் இப்போ கேக்கணும்? 2025 செப்டம்பர்ல தூத்துக்குடியில கப்பல் கட்டும் தளம் அமைக்க கொச்சின் ஷிப்யார்டும் மசகான் டாக்கும் தலா 15,000 கோடி ரூபாய்க்கு தமிழ்நாட்டோட புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாங்க. அதே மாசம் 24-ம் தேதி ஒன்றிய அமைச்சரவை கப்பல் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு. சென்னைக்குப் பக்கத்துல காட்டுப்பள்ளி தளம் ஏற்கெனவே கடலோரக் காவல் படைக்கு 7 ரோந்துக் கப்பல் கட்டிக் குடுத்திருக்கு. 1906-ல வ.உ.சி. அய்யா சுதேசிக் கம்பெனி தொடங்கினப்போ கப்பலை வெளிநாட்டுல இருந்து வாங்கித்தான் ஓட்டினார். இன்னிக்கு அதே தூத்துக்குடியில கட்டப் போறோம்னு சொல்றாங்க. அதுல நம்ம மாவட்டத்துப் பையன் போட்ட வெல்டு இருக்கணும்.

நம்ம கோரிக்கை மூணுதான்:

1. ராணிப்பேட்டையில கப்பல் தர வெல்டர் தேர்வு மையம். சர்வேயர் இங்க வரணும்.
2. தகடு, வயர், எக்ஸ்ரே, தேர்வுக் கட்டணம் எல்லாம் அரசுச் செலவு. தினக்கூலிக்காரர் கைக்காசு போட முடியாது.
3. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஐ.டி.ஐ.களில் கப்பல் வெல்டிங் பயிற்சி. பெண் பிள்ளைகளுக்கும் இடம்.

இனி உங்க வேலை. இந்தப் பதிவுக்கு லைக் போட்டா போதாது. உங்க தெருவுல, உங்க ஊர்ல வெல்டிங் பட்டறை இருக்கா? போய் உக்காந்து பேசுங்க. எத்தனை பேர், எத்தனை வருஷ அனுபவம், என்ன மெஷின்னு எழுதி உங்க கிளைச் செயலாளர் அண்ணன்கிட்ட குடுங்க. வெறும் கோஷத்தோட கலெக்டர் ஆபீஸ் போனா மனுவை வாங்கி வச்சுக்குவாங்க. பட்டியலோட போனா பதில் சொல்லியே ஆகணும்.



#ராணிப்பேட்டையில்_வெல்டர்_தேர்வு_மையம்