பழம் மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே, 'எடை குறையக் காலையில் பழமே போதும்' என்றார் எதிரணி அம்மையார். நம்ம ஆயக்குடிக் கொய்யாவைக் கடிச்சுச் சாப்பிட்டா நார்ச்சத்து பசியைத் தள்ளிப்போடும், ஒத்துக்கிறேன். அதையே அடிச்சு வடிகட்டிச் சீனி போட்டா? நார் குப்பைக்கு, சீனி இடுப்புக்கு! (சிரிப்பு) உலக சுகாதார நிறுவனம் 2015-ல் குறைக்கச் சொன்ன சர்க்கரையில் பழச்சாறும் சேர்த்தி, முழுப்பழம் சேராது.

ஆனால் பழத்தில் புரதம் குறைவு. நம்ம வீட்டுத் தாய்மார்கள் ஏழு மணிக்கு ரெண்டு சிறுமலை வாழைப்பழத்தோடு எழுந்துடுவாங்க. பத்து மணிக்குப் பசி கிள்ளும். பிள்ளை மிச்சம் வச்ச தோசை, 'வீணாப்போகுதே'ன்னு வாய்க்குள்ள போகும். அப்புறம் எப்படி ஐயா எடை குறையும்? (கைதட்டல்)

ஆகவே, பழத்தோடு ஒரு கிண்ணம் சுண்டலும் வையுங்கள். மிச்சத் தோசையை அம்மா தலையில் கட்டாதீர்கள்!