கால் வலித்தால் நடக்கலாமா?



"கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது" என்று நம் பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். சர்க்கரை நோயோ புகைப் பழக்கமோ உள்ளவர்களுக்கு இது அதிகம். காலுக்குச் செல்லும் ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளமாக இது இருக்கலாம். பிள்ளைகளோ பாசத்தில், "வாப்பா, நீங்கள் உட்காருங்கள், கடைக்கு நான் போய் வருகிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி உட்கார வைப்பதால் கால் மேலும் பலவீனமாகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். ரத்தக் குழாயின் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு செல் கனமுள்ள மெல்லிய படலம் இருக்கிறது. குழாயை விரியச் செய்யும் ஒரு பொருள் இந்தப் படலத்திலிருந்தே வருகிறது என்று 1980இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடி இந்தப் படலத்தை உரசுகிறது. உடனே அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. உழைக்கும் தசையில் ஆக்சிஜன் குறையும்போது, 'விஇஜிஎஃப்' என்ற வளர்ச்சிக் காரணியும் கூடுகிறது. தசையும் படலமும் அதை உண்டாக்குகின்றன. படலத்தின் செல்களைப் பெருகச் செய்து, தசைக்குள் புதிய நுண்குழாய்கள் துளிர்க்க அது உதவுகிறது. உட்கார்ந்தே இருப்பவருக்கு இந்தத் தூண்டுதல் கிடைப்பதில்லை.

அடைபட்ட பெரிய குழாயை நடைப்பயிற்சி திறந்துவிடாது. ஆனால், வலியில்லாமல் நடக்கும் தூரத்தைக் கூட்டும்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்தால், வலி ஓரளவு வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். பிறகும் விடக்கூடாது, விட்டால் பலன் குறைந்துவிடும். புகை இந்தப் படலத்தையே கெடுப்பது. அதையும் நிறுத்த வேண்டும்.

படுத்திருக்கும்போதே கால் வலி, ஆறாத புண், விரல் கறுத்தல், நெஞ்சுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் நடைப்பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மற்றவர்களை நடக்க விடுங்கள். பிள்ளைகளில் ஒருவர் கூடவே நடந்தால், அதைவிட நல்ல பணிவிடை இல்லை.